உப்பு எங்கே போகும்? சான் வாக்கீன் பள்ளத்தாக்கின் மேற்குப் பகுதியில் பாசனமும் வடிகாலும் பழத்தோட்டமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு லிட்டர் பாசன நீரில் 300 மில்லிகிராம் உப்பு கரைந்திருந்தால் அதை யாரும் உப்புநீர் என்று சொல்லமாட்டார்கள். நாக்குக்கும் அது தெரியாது. அதே நீரை ஓராண்டில் 1,000 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு ஹெக்டேரில் பாய்ச்சினால், 10,000 கனமீட்டர் நீருடன் 3 டன் உப்பும் அந்த நிலத்தில் வந்து இறங்குகிறது. நீரின் பெரும்பங்கைப் பயிர் உறிஞ்சி இலைவழியே காற்றில் விட்டுவிடுகிறது, மண்பரப்பிலிருந்து வெயில் இன்னொரு பங்கை எடுத்துக்கொள்கிறது. உப்போ ஆவியாவதில்லை, அறுவடையோடு வெளியே போவதும் மிகச் சிறிதளவுதான். வேர்மண்டலத்துக்குக் கீழே அதைக் கழுவி இறக்க உபரி நீரும், இறங்கிய நீர் வெளியேற ஒரு வழியும் இல்லாவிட்டால், பத்தாண்டில் அந்த ஒரு ஹெக்டேரில் 30 டன் உப்பு தங்கியிருக்கும்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் சான் வாக்கீன் பள்ளத்தாக்கின் மேற்குப் பகுதியை இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே இந்தக் கணக்கு பொறியாளர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது; பாசனத்துக்கு அனுமதி தந்த சட்டத்திலேயே வடிகாலும் எழுதப்பட்டிருந்தது. அந்த வடிகால் பாதியில் நின்றது, பாசனம் நிற்கவில்லை. அதன்பின் அங்கே செய்யப்பட்ட திருத்தங்களில் பல உண்மையாகவே திறமையானவை. ஆயினும் அவற்றுள் ஒன்றுகூட உப்பைப் பள்ளத்தாக்கிலிருந்து முழுமையாக வெளியேற்றவில்லை. ஒவ்வொன்றும் அதை ஓர் இடத்திலிருந்து எடுத்து இன்னோர் இடத்தில் வைத்தது என்பதே இந்த நிகழ்விலிருந்து எனக்குப் புலப்படுவது. பல்லாண்டு மரப்பயிர்களுக்கு மாறிய பிறகு அந்த இடமாற்றத்துக்கும் இடம் குறைந்துவருகிறது.

நிலம் வந்த வழி

பள்ளத்தாக்கின் மேற்கே நிற்பது கரையோர மலைத்தொடர். அதன் பாறைகளில் பெரும்பகுதி ஒரு காலத்தில் கடலடியில் படிந்தது. அந்தக் கடற்படிவுப் பாறைகள் சிதைந்து, பனோச்சே போன்ற ஓடைகளால் அடித்துவரப்பட்டு, மலையடிவாரத்தில் விசிறிபோல் பரந்து படிந்ததுதான் இன்றைய மேற்குப் பகுதி விளைநிலம். மண் ஆழமானது, நுண்மையானது, நீரைப் பிடித்துவைக்கக் கூடியது. உழவர் விரும்பும் குணங்கள் பலவும் அதில் உண்டு. கூடவே சோடியம் சல்பேட், ஜிப்சம், போரான், செலினியம் ஆகியவையும் பாறையிலிருந்து வந்தன. ஆண்டுக்கு ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் மட்டுமே மழை பெறும் இடத்தில், வந்த உப்பைக் கழுவிக் கீழே இறக்க இயற்கையிடம் நீர் போதவில்லை. பல்லாயிரம் ஆண்டுகள் அது மண்ணிலேயே இருந்தது.

தமிழில் உவர், களர் என்று இரண்டு சொற்கள் இருப்பது இங்கே உதவுகிறது. கரையும் உப்பு மிகுந்தது உவர்நிலம். சோடியம் களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டு மண்ணின் கட்டமைப்பையே குலைத்துவிட்டது களர்நிலம். சான் வாக்கீன் மேற்குப் பகுதி பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தது. மண்ணில் இயல்பாகவே ஜிப்சம் இருந்ததால் அதன் கால்சியம் சோடியத்தை ஓரளவு விலக்கிவைத்தது. ஆகவே அங்கே மண்ணுக்குள் நீர் இறங்குவதில் இருந்த சிக்கலைவிட, இறங்கிய நீர் எங்கே போய்ச் சேர்கிறது என்பதில் இருந்த சிக்கலே பெரியது.

இறங்கிய நீர் வெகுதூரம் போகவில்லை. கீழே கார்கோரன் களிமண் என்று அழைக்கப்படும் பழைய ஏரிப்படிவு ஒன்று பள்ளத்தாக்கின் பெரும்பகுதியில் பரவிக் கிடக்கிறது. அதற்கு மேலுள்ள நீரையும் கீழுள்ள நீரையும் அது ஏறத்தாழப் பிரித்துவைக்கிறது. மேலே பாய்ச்சிய நீர் அந்தப் படுகையைக் கடந்து எளிதில் இறங்காது. கீழே இருக்கும் அழுத்த நீரை எடுக்க வேண்டுமானால் அதைத் துளைத்துத்தான் கிணறு போட வேண்டும்.

கிணற்றிலிருந்து கால்வாய்க்கு

1920-களுக்குப் பிறகு அங்கே ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. களிமண் படுகைகளிலிருந்து நீர் பிழியப்பட்டபோது அவை நசுங்கின. ஒருமுறை நசுங்கிய களிமண் மீண்டும் நீர் ஏறினாலும் பழைய பருமனுக்குத் திரும்புவதில்லை. 1970-க்குள் பள்ளத்தாக்கில் 13,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு 30 சென்டிமீட்டருக்கு அதிகமாகத் தாழ்ந்திருந்தது. மெண்டோட்டா ஊருக்குத் தென்மேற்கே எடுக்கப்பட்ட ஒரு நிழற்படத்தை நீர்வளம் படிப்பவர்கள் அறிவார்கள். அதில் அமெரிக்க நிலவியல் அளவைத் துறையைச் சேர்ந்த ஜோசஃப் போலண்ட் ஒரு மின்கம்பத்தின் அடியில் நிற்கிறார். அவர் காலடியில் 1977 என்ற பலகை இருக்கிறது. அவர் தலைக்கு மேலே 1955 என்றும், கம்பத்தின் உச்சியை ஒட்டி 1925 என்றும் வேறு இரு பலகைகள் இருக்கின்றன. அந்தந்த ஆண்டில் நிலப்பரப்பு இருந்த உயரத்தை அவை காட்டுகின்றன. அரை நூற்றாண்டில் நிலம் இறங்கியது ஏறத்தாழ 9 மீட்டர். நிலத்தடி நீர் குறைகிறது என்ற செய்தியை எண்களில் படிப்பது வேறு. ஒரு மனிதனின் தலைக்கு மேல் பல ஆள் உயரத்தில் பழைய தரைமட்டத்தைப் பார்ப்பது வேறு.

இந்த நிலையில் வெளியிலிருந்து ஆற்றுநீர் கொண்டுவருவது நியாயமான தீர்வாகவே பட்டது. 1960-இல் நிறைவேறிய சான் லூயிஸ் சட்டம், கூட்டாட்சி அரசின் நடுவண் பள்ளத்தாக்குத் திட்டத்தின் ஒரு பிரிவாக அணையும் கால்வாயும் கட்ட அனுமதித்தது. அணை 1967-இல் முடிந்தது, வடக்கே சாக்ரமென்டோ, சான் வாக்கீன் ஆறுகள் சேரும் டெல்டாவிலிருந்து இறைக்கப்பட்ட நீர் மேற்குப் பகுதி வயல்களுக்கு வந்தது. கிணறுகள் ஓய்ந்தன, நிலம் இறங்குவதும் தணிந்தது. இதை நான் வெற்றி என்றே எழுதுவேன்.

ஆனால் நீர்ச் சமன்பாட்டின் மறுபக்கம் அதே வேளையில் மாறியது. முன்பு மேலிருந்து இறங்கிய கசிவுநீரைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது கிணறுகளின் இறைப்புதான். அது குறைந்ததும் பாசனக் கசிவு களிமண் படுகைக்கு மேலேயே தேங்கத் தொடங்கியது. விதைப்புக்கு முன் குளிர்காலத்தில் நிலத்தை நிறைய நனைத்துவைக்கும் வழக்கமும், நீண்ட சால்களில் நீரை ஓடவிடும் முறையும் அந்தக் கசிவைக் கூட்டின. சாலின் தலைப்பகுதி கடைமடையைவிட வெகுநேரம் நீரில் நிற்கும், அங்கே பயிருக்குத் தேவையானதைவிட அதிகமாக நீர் இறங்கும். சரிவின் கீழ்ப்பகுதி வயல்களில் நிலத்தடி நீர்மட்டம் ஒன்றரை மீட்டருக்குள் வந்தது. அந்த ஆழத்தில் களிமண் நிலத்தின் நுண்துளைகள் நீரைத் திரிபோல மேலே இழுக்கும். மேற்பரப்பில் நீர் ஆவியாகி உப்பு பூக்கும். இவ்வாறு ஏறும் நீர் பாசன நீரைப் போன்றதன்று. மண்ணில் பல்லாயிரம் ஆண்டுகளாக இருந்த உப்பைக் கரைத்துக்கொண்டு இறங்கி, பின் ஆவியாதலால் செறிவேறிய நீர் அது.

பாதியில் நின்ற வடிகால்

சட்டத்தை இயற்றியவர்கள் இதை எதிர்பார்த்திருந்தார்கள். மாநிலம் ஒரு தலைமை வடிகாலைக் கட்ட வேண்டும், அல்லது கூட்டாட்சி அரசு சான் லூயிஸ் இடைமறி வடிகாலைக் கட்டி உப்புநீரை டெல்டா வரை கொண்டுசெல்ல வேண்டும் என்று 1960-ஆம் ஆண்டுச் சட்டமே கூறியது. மாநிலம் பின்வாங்கியது. கூட்டாட்சி அரசின் நீர்வளச் சீரமைப்புத் துறை 1968-இல் பணியைத் தொடங்கியது. திட்டமிட்ட நீளம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். 1975-க்குள் முடிந்தது ஏறத்தாழ 135 கிலோமீட்டர். உப்புநீர் தங்கள் பக்கம் வந்து சேர்வதை டெல்டாவிலும் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவிலும் உள்ளவர்கள் எதிர்த்தார்கள், செலவும் ஏறியது, பணி அங்கேயே நின்றது.

நின்ற இடம் கெஸ்டர்சன். வடிகாலில் வரும் நீரின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்து டெல்டாவுக்கு அனுப்புவதற்கான இடைத்தங்கலாக, ஏறத்தாழ 500 ஹெக்டேர் பரப்பில் 12 ஆழமற்ற குட்டைகள் அங்கே வெட்டப்பட்டிருந்தன. வடிகால் அதற்கு மேல் நீளாதபோது இடைத்தங்கலே இறுதித்தங்கலாயிற்று. நீர் உள்ளே வரும்; ஆவியாகவோ தரைக்குள் கசியவோ மட்டுமே செய்யும். அதே நிலம் 1970 முதல் தேசியக் காட்டுயிர் புகலிடமாகவும் இருந்தது. கடலோரத்துக்கும் மலைக்கும் இடையே ஈரநிலங்கள் பெரும்பாலும் அழிந்துபோன பள்ளத்தாக்கில் வலசை வரும் நீர்ப்பறவைகளுக்கு நீர்நிலை தேவைதான் என்பதால், ஒரு நீர் இரண்டு பயன் தரும் என்ற எண்ணம் காகிதத்தில் அழகாக இருந்தது.

தொடக்கத்தில் அங்கே வந்தது நல்ல நீர். 1978 முதல் நிலத்தடி வடிகால் நீர் கலக்கத் தொடங்கியது. 1981-க்குள் வருவது ஏறக்குறைய முழுவதும் அதுவே. மேற்குப் பகுதி வயல்களுக்குப் பாசன நீர் வழங்கும் வெஸ்ட்லேண்ட்ஸ் நீர் மாவட்டத்தின் 42,000 ஏக்கர் அளவிலான பகுதிக்கு, அதாவது ஏறத்தாழ 17,000 ஹெக்டேருக்கு, இந்த வடிகால் சேவை செய்தது. 1982-இல் குட்டைகளில் கொசுமீன் தவிர மற்ற மீன் இனங்கள் இல்லாமற் போயிருந்தன. 1983-இல் ஹாரி ஓலன்டார்ஃப் உள்ளிட்ட கூட்டாட்சிக் காட்டுயிர் ஆய்வாளர்கள் கூடுகளைப் பார்வையிட்டபோது, நாமக்கோழி, முக்குளிப்பான், வாத்து ஆகியவற்றின் முட்டைகளில் இறந்த கருக்கள் மிகுதியாக இருந்தன. கண்கள் உருவாகாத குஞ்சுகள், அலகு திருகிய குஞ்சுகள், கால் இல்லாத குஞ்சுகள் அவற்றில் இருந்தன.

காரணம் செலினியம். வடிகால் நீரில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 300 மைக்ரோகிராம் இருந்தது. நன்னீர் உயிர்களுக்கான நீண்டகால வரம்பாக 1987-இல் கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் முகமை வகுத்த அளவு 5 மைக்ரோகிராம். மேற்குப் பகுதியின் காற்றோட்டமுள்ள காரமண்ணில் செலினியம் செலினேட் வடிவில் சல்பேட்டைப் போலவே நீரில் எளிதாக நகர்கிறது. ஆழமற்ற குட்டையின் சேற்றில் நுண்ணுயிர்கள் அதை வேறு வடிவங்களாக மாற்றுகின்றன, பாசி அதை எடுத்துக்கொள்கிறது, பாசியைத் தின்னும் பூச்சிகளில் அது செறிகிறது, பூச்சிகளைத் தின்னும் பறவையின் முட்டைக்குள் புரதத்தில் கந்தகம் இருக்க வேண்டிய இடத்தில் அமர்ந்துவிடுகிறது. வடிகால் நீரில் இதைத் தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை என்பதை ஒரு நியாயமாக ஏற்கலாம். ஆயினும் தென் டகோடா மாநிலத்தில் கால்நடைகளுக்கு வந்த நோய்க்குச் செலினியமே காரணம் என்பது 1930-களிலேயே அறியப்பட்டிருந்தது. கடற்படிவுப் பாறையிலிருந்து வந்த மண், வறண்ட காலநிலை, வெளிவாய் இல்லாத குட்டை ஆகிய மூன்றும் ஓரிடத்தில் சேரும்போது உப்பின் மொத்த அளவோடு நிற்காமல் அதன் கூறுகளையும் சோதித்திருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

1985 மார்ச்சில் உள்துறை அமைச்சகம் குட்டைகளை மூடும் முடிவை அறிவித்தது. 1986-இல் வயல்களிலிருந்து வந்த வடிகால் குழாய்கள் அடைக்கப்பட்டன. 1988-இல் கெஸ்டர்சனின் தாழ்ந்த பகுதிகள் மண்ணிட்டு மூடப்பட்டன. வயலில் இருந்த உப்பு வயலிலேயே நின்றது.

குழாய் எந்த நீரை இழுத்தது

இந்த நிகழ்வில் பலரும் விரைந்து கடந்துபோகும் பகுதி இதுதான். மண்ணையும் நீரையும் நிர்வகிப்பவருக்கு மிகுந்த பயன் தருவதும் இதுவே என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும். அங்கே வயல்களில் பதிக்கப்பட்டவை துளையிட்ட குழாய்கள். தரைக்குக் கீழே ஏறத்தாழ 2 மீட்டரிலோ அதற்குச் சற்று அதிகமான ஆழத்திலோ, ஒன்றுக்கொன்று பல பத்து மீட்டர் இடைவெளியில் இணையாக ஓடும். நீர் அவற்றுக்குள் வடிந்து, சேகரிப்புக் குழாய் வழியே ஒரு தொட்டிக்கு வந்து, அங்கிருந்து இறைக்கப்படும். வேர்மண்டலத்திலிருந்து இறங்கும் நீரைக் குழாய் பிடித்துக்கொள்கிறது என்று நாம் மனத்தில் வரைந்துகொள்வது இயல்பு.

ஆனால் நீர் குழாயை நோக்கி மேலிருந்து மட்டும் வருவதில்லை. இரண்டு குழாய்களுக்கு நடுவே இறங்கும் நீர் முதலில் ஆழமாகப் போய், வளைந்து, குழாயின் அடிப்பக்கத்திலிருந்து மேலேறி உள்ளே நுழைகிறது. குழாய் எவ்வளவு ஆழமோ, இடைவெளி எவ்வளவு அகலமோ, அவ்வளவுக்கு அந்த வளைவும் ஆழமாகிறது. அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் ஆய்வுகள் மேற்குப் பகுதியில் காட்டியது இதைத்தான்: வடிகாலில் வந்தது அந்த ஆண்டின் பாசனக் கசிவும், அதற்கு முன் பல பத்தாண்டுகளில் கீழே இறங்கி நின்ற பழைய, செறிந்த நீரும் கலந்த கலவை. நிலம் முதன்முதலாகப் பாசனத்துக்கு வந்தபோது கழுவப்பட்டு இறங்கிய உப்பும் செலினியமும் அந்தப் பழைய நீரில் இருந்தன. ஆழத்தில் அமைதியாகக் கிடந்திருக்கக் கூடிய அதை வடிகால் அமைப்பே மேலே எடுத்துவந்தது.

இதிலிருந்து நடைமுறைக்கு இரண்டு விளைவுகள் வருகின்றன. ஒன்று, வடிகாலைத் தேவைக்கு மேல் ஆழமாகப் பதிப்பது எப்போதும் பாதுகாப்பான தேர்வு ஆகாது. ஆழம் குறைந்த, நெருக்கமான குழாய்கள் செலவு அதிகம் என்றாலும் குறைந்த உப்பையே வெளியே கொண்டுவரும். மற்றொன்று, குழாயின் வாயில் ஒரு தடுப்பு வைத்து, பயிரின் வேர் தாங்கும் மட்டத்துக்கு நிலத்தடி நீரை உயர்த்திவைத்தால், உப்பைத் தாங்கும் பயிர் அந்த நீரின் ஒரு பகுதியைத் தானே பயன்படுத்திக்கொள்ளும், வெளியேறும் அளவும் குறையும். பருத்தி போன்ற பயிருக்கு இது பொருந்தும். மரத்துக்குப் பொருந்துமா என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

குழாய் அடைக்கப்பட்ட பிறகு

1984-இல் ஐந்து கூட்டாட்சி, மாநில அமைப்புகள் சேர்ந்து தொடங்கிய வடிகால் ஆய்வுத் திட்டம் 1990-இல் தன் பரிந்துரைகளை வெளியிட்டது. கசிவை மூலத்திலேயே குறைப்பது, வடிநீரை உப்பு தாங்கும் பயிருக்கு மறுபடி பாய்ச்சுவது, மிக மோசமான நிலத்தைச் சாகுபடியிலிருந்து விலக்குவது ஆகியவை அதன் முதன்மைக் கூறுகள். பள்ளத்தாக்கை விட்டு உப்பை வெளியேற்றும் பெருவடிகால் அதில் முன்வைக்கப்படவில்லை. வடிகால் தரும் கடமை அரசுக்கு இன்னும் உண்டு, ஆனால் அது இடைமறி வடிகாலாகவே இருக்க வேண்டியதில்லை என்று 2000-இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. 2007-இல் அரசு தேர்ந்தெடுத்த வழி, 194,000 ஏக்கரைப் பாசனத்திலிருந்து விலக்குவதை உள்ளடக்கியிருந்தது. 47 ஆண்டுகளுக்கு முன் அந்த நிலத்துக்கு நீர் தருவதற்காகவே சட்டம் இயற்றப்பட்டது.

நடைமுறையில் கணிசமான பலன் தந்தது சற்று வடக்கே, கிராஸ்லேண்ட் வடிகால் பகுதியில் நடந்த முயற்சி. ஏறத்தாழ 97,000 ஏக்கர் நிலமுள்ள உழவர் மாவட்டங்கள் 1996-இல் ஒன்றுசேர்ந்து, ஈரநிலங்களின் வாய்க்கால்கள் வழியே ஓடிக்கொண்டிருந்த தங்கள் வடிநீரைத் திருப்பி, பயனற்றுக் கிடந்த சான் லூயிஸ் வடிகாலின் ஒரு பகுதியில் செலுத்தின. செலினியத்துக்கு மாதவாரியாகவும் ஆண்டுவாரியாகவும் உச்ச அளவு நிர்ணயிக்கப்பட்டது, மீறினால் கட்டணம். அந்த வரம்பு ஒவ்வொரு வாய்க்காலின் தலையிலும் அளவுமானியை வைத்தது. வயலுக்கு எவ்வளவு நீர் போனது, எவ்வளவு வடிந்தது என்பது முதன்முறையாக நாள்தோறும் தெரிந்தது. சால்கள் குறுகின, தெளிப்பான்களும் சொட்டுக் குழாய்களும் வந்தன. சுமார் 6,000 ஏக்கர் நிலம் வடிநீரைப் பாய்ச்சுவதற்கென்றே ஒதுக்கப்பட்டு, உப்பு தாங்கும் உயர்கோதுமைப் புல்லும் பிஸ்தா மரங்களும் அங்கே வளர்க்கப்பட்டன. சான் வாக்கீன் ஆற்றுக்குப் போன செலினியம் தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. உழவர்கள் கூட்டாக ஏற்ற பொறுப்பு இவ்வளவு தெளிவான அளவீட்டோடு பலன் தந்த இடங்கள் அரிது.

ஆனாலும் உப்புக் கணக்கை இங்கேயும் கேட்க வேண்டும். ஆற்றுக்குப் போகாத உப்பு அந்த 6,000 ஏக்கரில் சேர்கிறது. புல் நீரைக் குடிக்கிறது. உப்பை அது குடிப்பது மிகக் குறைவு.

பழத்தோட்டம் வந்தபோது

நீண்டகாலம் மேற்குப் பகுதியின் முதன்மைப் பயிர் பருத்தி. பின்னர் தக்காளியும், அதன்பின் பாதாமும் பிஸ்தாவும் அதன் இடத்தைப் பிடித்தன. வருமானம் கூடியது, நீர் அளவோடு பாய்ந்தது. உப்பின் கண்ணோட்டத்தில் இந்த மாற்றத்தின் பொருள் என்ன என்பதை ரிவர்சைடில் உள்ள அமெரிக்க உவர்மண் ஆய்வுக்கூடத்தின் மாஸ், ஹாஃப்மன் இருவரும் 1977-இல் தொகுத்த அட்டவணையே சொல்லிவிடுகிறது. மண்சாற்றில் உப்பு கூடக்கூட ஏறும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 7.7 டெசிசீமன்ஸ் வரும்வரை பருத்தியின் விளைச்சல் குறைவதில்லை. அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் 5 விழுக்காடு அளவு குறையும். பாதாமுக்கு வரம்பு 1.5 மட்டுமே, அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் 19 விழுக்காடு குறையும். மண் 3 டெசிசீமன்ஸில் இருந்தால் பருத்திக்கு ஒன்றுமில்லை. பாதாம் கால்பங்குக்கு மேல் விளைச்சலை இழந்திருக்கும்.

உப்பைக் கழுவி இறக்கத் தேவையான உபரி நீரையும் இதே எண்களைக் கொண்டு கணக்கிடலாம். கால்வாய் நீர் 0.5 டெசிசீமன்ஸ் என்றால், வழக்கமான சூத்திரப்படி பாதாமுக்குப் பாய்ச்சும் நீரில் ஏறத்தாழ 7 விழுக்காடு வேர்மண்டலத்தைத் தாண்டி இறங்க வேண்டும். பருத்திக்கு 1 விழுக்காட்டைச் சற்று தாண்டினால் போதும். இனி கால்வாய் நீர் வராத ஆண்டைப் பார்ப்போம். 2014, 2015, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் டெல்டாவுக்குத் தெற்கே உள்ள வேளாண் ஒப்பந்ததாரர்களுக்கு நடுவண் பள்ளத்தாக்குத் திட்டத்தின் ஒதுக்கீடு பூச்சியத்தில் முடிந்தது. பருத்தி வயலைத் தரிசாக விடலாம். மரத்தைத் தரிசாக விட முடியாது. எனவே கிணறு மீண்டும் ஓடுகிறது. அந்த நீர் 2 டெசிசீமன்ஸ் என்று வைத்துக்கொண்டால், பாதாமுக்குத் தேவைப்படும் கழுவுநீர் 36 விழுக்காடாக ஏறிவிடுகிறது. நீரே இல்லாத ஆண்டில் மூன்றில் ஒரு பங்கைக் கீழே விடச் சொல்லும் கணக்கு அது. யாரும் விடுவதில்லை. உப்பு அந்த ஆண்டுக்கான கடனாக மண்ணில் நிற்கிறது.

சொட்டு நீர்க் குழாய் இந்தக் கடனைக் கண்ணுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்கிறது. சொட்டுவானுக்கு அருகே மண்வெட்டியால் ஒரு பக்கமாக வெட்டி முகத்தைச் செதுக்கிப் பார்த்தால் ஈரம் ஒரு பல்புபோல் தெரியும். நடுவில் மண் கருத்து, மென்மையாக, மெல்லிய வேர்கள் நிறைந்திருக்கும். அங்கே உப்பு குறைவு. பல்பின் ஓரத்துக்குப் போகப்போக நிறம் வெளிறும். ஈரம் முடியும் இடத்தில், குறிப்பாகத் தரைமட்டத்தில், வெண்ணிறமாக ஒரு வளையம் பொருபொருவென்று கையில் உதிரும். ஓராண்டில் வந்த உப்பெல்லாம் அந்த ஓரத்தில்தான் தள்ளப்பட்டிருக்கிறது. மரம் நலமாக இருப்பதுபோலத் தோன்றும். பிறகு குளிர்காலத்தின் முதல் சிறுமழை வருகிறது. கழுவி இறக்கும் அளவுக்கு அல்ல, வளையத்தைக் கரைக்கும் அளவுக்கு மட்டும். கரைந்த உப்பு பல்பின் நடுவுக்கு, வேர் இருக்கும் இடத்துக்கே திரும்புகிறது. ஆகவேதான் அந்தப் பகுதியில் முதல் மழையின்போது சொட்டு நீரை நிறுத்தாமல் ஓடவிடச் சொல்கிறார்கள். மழை பெய்யும்போது நீர் பாய்ச்சுவது வீண் என்று பார்ப்பவருக்குத் தோன்றும், ஆனால் வெளிநோக்கிய ஓட்டத்தைக் காத்து உப்பை வேரிலிருந்து விலக்கிவைப்பது அந்த நீர்தான்.

மண்ணுக்கடியில் புதைத்த சொட்டுக் குழாயில் நிலைமை இன்னும் சற்று வேறு. குழாய் 20 முதல் 30 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் அதற்கு மேலே உள்ள மண்ணைக் கழுவ எந்த நீரும் இல்லை. நீர் மேலேறி ஆவியாகும், உப்பு மேற்பரப்பில் குவியும். தக்காளி வயல்களில் நாற்று நிலைகொள்ளும்வரை தெளிப்பான் வைப்பது இதனால்தான்.

போரானைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது உப்புக் கணக்குக்குக் கட்டுப்படாது. மண்துகள்களில் ஒட்டிக்கொள்வதால், மற்ற உப்புகளைக் கழுவும் நீரைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீர் விட்டால்தான் இறங்கும். பாதாமில் அதைக் கண்டுபிடிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. பிஸ்தா மரத்தில் போரான் இலையின் விளிம்பிலேயே தங்கி, விளிம்பு கருகி, தன்னைக் காட்டிக்கொடுக்கும். பாதாம் மரமோ போரானைச் சர்க்கரை ஆல்கஹாலோடு இணைத்து இலையிலிருந்து காய்களுக்கும் இளந்தளிருக்கும் கொண்டுபோய்விடுகிறது. ஆகவே கோடையில் இலையைச் சோதித்தவர் எல்லாம் சரியென்று முடிவுசெய்வார். அறுவடையின்போது காயின் புறத்தோலைச் சோதித்தால் உண்மை தெரியும். பத்து லட்சத்தில் 300 பங்குக்கு மேல் இருந்தால் மிகை என்று கலிஃபோர்னியப் பல்கலைக்கழக வழிகாட்டிகள் கொள்கின்றன.

பாதாமை ஒட்டுக்கட்ட அடியாக வைக்கும் நெமகார்டு வேர்ச்செடியை விடுத்து, சோடியத்தையும் குளோரைடையும் கூடுதலாகத் தடுக்கும் பீச்–பாதாம் கலப்பு வேர்ச்செடிகளைத் தேர்வது, பாதாமுக்குப் பதில் பிஸ்தாவுக்கு மாறுவது ஆகியவை சில ஆண்டு அவகாசம் தருகின்றன. மண்ணில் சேரும் உப்பின் அளவை அவை மாற்றுவதில்லை.

இன்றைய முடிச்சு

சொட்டு நீர் வந்ததால் கசிவு குறைந்தது; கசிவு குறைந்ததால் வடிகால் பிரச்சினை தணிந்தது; அதே காரணத்தால் உப்பு வேர்மண்டலத்திலேயே நின்றது. இந்த மூன்றும் ஒரே செயலின் மூன்று முகங்கள் என்பதை நீர்ச் சிக்கனத்தைப் பற்றிய உரைகளில் காண்பது அரிது. கழுவி இறக்கும் நீரை வீணாகும் நீர் என்று எண்ணிக்கையில் சேர்க்கும்வரை, சிக்கன விழுக்காடு உயர்வதும் மண் கெடுவதும் ஒன்றாகவே நடக்கும் என்பது என் உறுதியான கருத்து.

மரம் இலையுதிர்த்து உறங்கும் குளிர்காலமே கழுவுவதற்கு ஏற்ற காலம். அப்போது மரம் நீர் குடிப்பது மிகக் குறைவு, பாய்ச்சிய நீரில் பெரும்பங்கு கீழே இறங்கும். மண்ணின் ஆழத்துக்குச் சமமான நீரை இடைவிடாமல் தேக்கி இறக்கினால் கரையும் உப்பில் 70 முதல் 80 விழுக்காடு வரை வெளியேறும். விட்டுவிட்டுப் பாய்ச்சினால் இன்னும் குறைந்த நீரே போதும். கழுவுவதற்கு முன் மண்ணில் நைட்ரேட் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் உப்போடு அதுவும் நிலத்தடி நீருக்குப் போகும். இவை தெரிந்த, செய்யக் கூடிய வேலைகள். ஆனால் 2014-இல் இயற்றப்பட்ட நிலத்தடி நீர் மேலாண்மைச் சட்டம், மிகையாக இறைக்கப்பட்ட படுகைகள் 2040-க்குள் சமநிலைக்கு வர வேண்டும் என்கிறது. மேற்குப் பகுதிப் படுகையும் அவற்றுள் ஒன்று. மழை மிகுந்த ஆண்டில் கிடைக்கும் உபரி நீரைத் தோட்டங்களில் தேக்கி நிலத்தடியை நிரப்பும் முறைக்கு இப்போது ஊக்கம் தரப்படுகிறது. அதே நீர் உப்பையும் கழுவும் என்பதால் இது இரட்டைப் பயன்போலத் தெரிகிறது. சரிவின் மேற்பகுதித் தோட்டங்களில், நீர்மட்டம் ஆழமாக உள்ள இடங்களில், அது உண்மையும்கூட. கீழ்ப்பகுதியில், கார்கோரன் களிமண்ணுக்கு மேலே உவர்நீர் இரண்டு மூன்று மீட்டரில் நிற்கும் இடத்தில், தேக்கிய நீர் அந்த மட்டத்தைத்தான் உயர்த்தும். மர வேருக்கோ ஈரம் மட்டும் போதாது, மூச்சுவிடக் காற்றும் வேண்டும்.

எனவே அங்கே புதுத் தோட்டம் வைக்க எண்ணுபவர் முதலில் செய்யும் வேலை மண் துளைப்பானை எடுத்து 1.5 மீட்டர் வரை 30 சென்டிமீட்டருக்கு ஒரு மாதிரி எடுப்பதும், நீர்மட்டம் பார்க்க இன்னும் ஆழமாக ஒரு நோக்குகுழாய் இறக்குவதும் ஆகும். உப்பு ஆழம் போகப்போகக் கூடினால் நிலம் கழுவப்பட்டுக்கொண்டிருக்கிறது. மேற்பரப்பை நோக்கிக் கூடினால் கீழிருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது வகை மண்ணில் நடப்படும் மரம் 25 ஆண்டு நிற்க வேண்டியது. அந்த 25 ஆண்டின் உப்பை ஏற்றுக்கொள்ள அதன் கீழே இன்னும் ஒரு வடிகால் கட்டப்படவில்லை.